மருந்து இல்லை, சத்து: பார்க்கின்சன் நோயாளி ஒருவரும் மூளைக்கான அமினோ அமிலப் பவுடரும்

நான் வீடுகளுக்குப் போய் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் பயிற்சி எடுக்கும் பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு ஏழு வாரத்தில் நேர்ந்ததையும், அது தெளிந்த விதத்தையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நோயாளி, அவர் மனைவி, மகன் மூவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், மருத்துவமனை, பவுடரின் பெயர் எதையும் குறிப்பிடவில்லை. என் தரப்பில் நடந்த தவறையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அதே தவறை இன்னும் பலர் செய்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

பின்னணி

அவருக்கு வயது 67. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு வலது கையில் நடுக்கம் தொடங்கியது. அப்புறம் கையெழுத்து சிறுத்தது, நடக்கும்போது வலது கை வீசாமல் நின்றது. நரம்பியல் மருத்துவர் பார்த்து பார்க்கின்சன் என்று சொன்னார். அன்றிலிருந்து லெவோடோபா, கார்பிடோபா சேர்ந்த மாத்திரைதான் முக்கிய மருந்து.

பவுடர் வருவதற்கு முன் அவர் நிலை இதுதான்: 100 மில்லிகிராம் லெவோடோபா உள்ள மாத்திரை, ஒரு நாளைக்கு நான்கு வேளை. காலை 7, பகல் 11, மதியம் 3, இரவு 7. காலை மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கினால் நாற்பது நிமிடத்தில் ‘பிடிக்கும்’. அது அவர் சொல்லும் வார்த்தை. பிடித்துவிட்டால் எழுவார், குளிப்பார், எட்டு மணிக்கு நான்கு இட்லி சாப்பிடுவார், தெருமுனை வரை போய் பேப்பர் வாங்கி வருவார். பத்தரை மணிக்கு மேல் மெல்ல இறங்கும். பதினோரு மணி மாத்திரை மறுபடி தூக்கிவிடும்.

ஏழு ஆண்டு ஆனவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் சகஜம். லெவோடோபா ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் தொடக்கத்தில், மிச்சமிருக்கும் நரம்பணுக்கள் அதை டோபமினாக (உடம்பை அசைக்க மூளை பயன்படுத்தும் ரசாயனம்) மாற்றிச் சேமித்து வைத்து மெதுவாகச் செலவழிக்கும். ஆண்டுகள் போகப் போக அந்தச் சேமிப்பு இடம் குறையும். அதன் பிறகு ஒவ்வொரு வேளை மாத்திரையையும் நம்பித்தான் அந்தந்த நேரத்து நடை. ஒரு வேளை சரியாக ஏறவில்லை என்றால் அடுத்த சில மணி நேரம் கை கால் வராது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது புரியும்.

செவ்வாய், வெள்ளி காலை ஒன்பதரைக்கு நான் போவேன். அவருடைய நல்ல நேரம் அது என்பதால் அப்படி வைத்திருந்தோம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனையை மாதம் ஒரு முறை செய்வேன். கடைசியாகப் பார்த்தபோது 14 விநாடி.

டப்பா வந்தது

மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். அப்பாவின் நோயைப் பற்றி நிறையப் படிப்பவர். ‘மூளை ஆரோக்கியத்துக்கான அமினோ அமிலம்’ என்று விற்கப்படும் பவுடர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி அனுப்பினார். ஒரு டப்பா 2,800 ரூபாய். மூன்று டப்பா.

அவர் யோசித்த விதத்தைக் குறை சொல்ல முடியாது. பார்க்கின்சனில் குறைவது டோபமின். உடம்பு டோபமினைச் செய்வது டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து. டைரோசின் லெவோடோபாவாக மாறும், லெவோடோபா டோபமினாக மாறும். அப்படியானால் டைரோசினைக் கூட்டிக் கொடுத்தால் டோபமின் கூடும். காகிதத்தில் இது சரியாகவே இருக்கிறது. தப்பு எங்கே என்றால், டைரோசினை லெவோடோபாவாக மாற்றும் நொதிதான் இந்த வேலையில் மெதுவான படி. அந்த நொதிக்கு வேண்டிய டைரோசின் சாதாரணச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது. மேலே கொட்டினால் வேகம் பெரிதாகக் கூடாது. பார்க்கின்சனில் அழிவதோ அந்த நொதியை வைத்திருக்கும் அணுக்களே. நெல் தட்டுப்பாடு இல்லை, அரவை மில் மூடிக்கொண்டு வருகிறது. 1960களில் டைரோசினை விட்டுவிட்டு, அந்தப் படியைத் தாண்டிய லெவோடோபாவையே நேரடியாகக் கொடுக்கத் தொடங்கியதன் காரணமும் இதுதான்.

முதல் இரண்டு வாரம் அவர் பவுடரை இரவு படுக்கும்போது பாலில் கலந்து குடித்தார். எந்தத் தொந்தரவும் இல்லை. சொல்லப்போனால் உற்சாகமாகவே இருந்தார். மகன் தனக்காகத் தேடி வாங்கி அனுப்பியிருக்கிறான் என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. ‘கொஞ்சம் தெம்பா இருக்கு தம்பி’ என்று என்னிடம் சொன்னார். எதனால் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் இரவில் தூக்கம் கெடுகிறது என்று தோன்றியது. போனில் மகனிடம் சொல்ல, காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் நன்றாக ஏறும், மாத்திரையோடு சேர்த்தே குடித்துவிடுங்கள் என்றார். அன்றிலிருந்து காலை 7 மணி மாத்திரை தண்ணீரில் போகவில்லை, பவுடர் கலந்த பாலில் போனது.

கவனித்தவை

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை நான் போனபோது அவர் கட்டிலில்தான் இருந்தார். ஒன்பதரை மணி. வழக்கமாகக் குளித்துத் தயாராக இருப்பவர், பல் கூட விளக்கவில்லை. எழுப்பி நிறுத்தினால் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றார். உடம்பு முன்னால் போகிறது, பாதம் வரவில்லை. சரி, இரவு தூங்கவில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த செவ்வாயும் அப்படியே. ‘ஐயா, புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களா?’ என்று கேட்டேன்.

‘இல்லையே தம்பி, அதே நாலு வேளைதான்.’

அவர் மனைவியும் இல்லை என்றார். இருவரும் சொன்னது உண்மை. புதிய மாத்திரை எதுவும் இல்லை. பவுடர் டப்பா சமையலறை அலமாரியில் காபித்தூளுக்கும் சத்துமாவுக்கும் நடுவில் இருந்தது. அந்த வீட்டில் மருந்து என்றால் டிவி மேசை மேல் இருக்கும் பிளாஸ்டிக் கூடையில் இருப்பது. அலமாரியில் இருப்பது சாப்பாடு. நான் கூடையைப் பார்த்தேன். சமையலறைக்குள் போகவில்லை.

சோதனையில் அன்று 31 விநாடி வந்தது. திரும்பும் இடத்தில் மட்டும் ஒன்பது சின்னச் சின்ன அடி வைத்தார்.

நான்காம் வாரம் விழுந்தார். காலை எட்டு மணிக்குக் குளியலறை வாசற்படியைத் தாண்டும்போது கால் ஒட்டிக்கொண்டது, உடம்பு முன்னே போய்விட்டது. கையை ஊன்றினார். எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறியவில்லை, ஆனால் வலது மணிக்கட்டு வீங்கி இரண்டு வாரம் பட்டை போட வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய அடி மனசில் விழுந்தது. பேப்பர் வாங்கப் போவதை நிறுத்தினார். குளியலறைக்கு மனைவி கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்றார். அந்த அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் தேய்மானம் உள்ளவர்.

மருந்தளவைக் கூட்டியது

ஐந்தாம் வாரம் நரம்பியல் மருத்துவரிடம் போனார்கள். காலையில் மாத்திரை பிடிக்கவில்லை, விழுந்துவிட்டார் என்றார்கள். ஏழு ஆண்டான நோயாளி, கால் ஒட்டிக்கொள்கிறது, ஒரு முறை விழுந்திருக்கிறார். நோய் ஒரு படி ஏறிவிட்டது என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன், என் குறிப்பிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். நான்கு வேளையும் ஒன்று என்றிருந்த மாத்திரை ஒன்றரையானது.

கூட்டிய பிறகு காலை மாறவே இல்லை. மாலைதான் மாறியது. 3 மணி, 7 மணி மாத்திரைக்குப் பிறகு தோளும் கழுத்தும் தானாக நெளிய ஆரம்பித்தன. உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, ரசம் சிந்தியது. மருந்து அதிகமானால் வரும் அசைவு அது.

இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. நோய் முற்றியிருந்தால் காலையும் மாலையும் சேர்ந்தே இறங்கியிருக்க வேண்டும். ஒரே மனிதர், ஒரே அளவு மாத்திரை. காலையில் போதவில்லை, மாலையில் மிஞ்சுகிறது. அப்படியானால் காலை மாத்திரைக்கு மட்டும் என்னவோ நடக்கிறது.

ஆறாம் வாரம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் நேரத்தைப் போட்டு, நன்றாக இருந்தால் ‘ந’, சுமார் என்றால் ‘சு’, முடியவில்லை என்றால் ‘மு’ என்று ஒரு எழுத்து எழுதச் சொன்னேன். மாத்திரை, சாப்பாடு நேரத்தையும் குறிக்கச் சொன்னேன். அவர் கணக்குப் பிரிவு ஆள் அல்லவா, ஒரு எழுத்தோடு நிறுத்தவில்லை. கோடு போட்டுப் பத்தி பிரித்து, முழு வரியாக எழுதினார், பட்டை போட்ட கையாலேயே.

அமாவாசை காலை

ஏழாம் வாரக் கடைசியில் அந்த நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். எழுதியதைப் படிப்பதற்கு முன்னால் எழுத்தின் அளவுதான் கண்ணில் பட்டது. பார்க்கின்சனில் மருந்து இறங்கிய நேரத்தில் எழுத்து சிறுக்கும். அவர் நோட்டில் காலை எட்டு, ஒன்பது, பத்து மணி வரிகள் எறும்பு ஊர்ந்த மாதிரி, வரியின் கடைசிக்குப் போகப் போக இன்னும் சிறுத்து, கோட்டை விட்டு மேலே ஏறின. பன்னிரண்டு மணி வரி சாதாரணமாக, கோட்டில் உட்கார்ந்திருந்தது. மாலை வரிகள் பெரிதாக, நெளிந்து, அடுத்த வரியில் இடித்தன. ‘ந’, ‘மு’ எதுவும் இல்லாமலே அந்தப் பக்கம் எல்லாவற்றையும் சொல்லியது. பன்னிரண்டு நாளும் ஒரே மாதிரி.

ஒரே ஒரு நாள் தவிர. அன்று காலை ஒன்பது மணி வரி, மதிய வரி போலவே உருட்டி உருட்டி எழுதப்பட்டிருந்தது. மேலே பார்த்தேன். மற்ற நாட்களில் ‘7.00 மாத்திரை, பால்’ என்று இருந்தது. அன்று மட்டும் ‘7.00 மாத்திரை, தண்ணீர்’.

‘ஐயா, இன்னைக்கு மட்டும் ஏன் தண்ணி?’

‘அன்னைக்கு அமாவாசை தம்பி. படையல் போட்டு காக்காய்க்கு வச்சுட்டு மத்தியானம்தான் சாப்பிடுவேன். மாத்திரையை விட முடியாது, அதனால தண்ணியில போட்டுக்கிட்டேன். பால்ல பவுடர் கலந்து குடிக்கிறது விரதத்துக்கு ஆகாது.’

‘என்ன பவுடர்?’

அந்த அம்மா உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தார்.

ஒரு கரண்டி 12 கிராம். அதில் எல்-டைரோசின் 2 கிராம், லியூசின், ஐசோலியூசின், வேலின் மூன்றும் சேர்ந்து 5 கிராம், மீதி வேறு சில அமினோ அமிலங்களும் சுவையூட்டியும். முன்பக்கம் மூளைப் படமும் ‘கவனம், நினைவாற்றல்’ என்ற வார்த்தைகளும் பெரிய எழுத்தில். பின்பக்கம் கீழே, என் கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துப் படித்தால்தான் தெரியும் அளவில், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில். இந்தியாவில் இந்த வகைச் சத்துப் பொருட்களின் லேபிளில் அந்த வரி கட்டாயம். அதை ஆங்கிலம் தெரியாத ஒரு வீட்டு அலமாரியில் யார் படிப்பார்கள்?

ஏன் இப்படி ஆகிறது

லெவோடோபாவும் ஒரு அமினோ அமிலம்தான். மருந்துக்கடையில் வாங்குவதால் நாம் அதை அப்படி நினைப்பதில்லை. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போகவும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவும் அதற்குத் தனி வழி கிடையாது. டைரோசின், ஃபினைலலனின், லியூசின், ஐசோலியூசின், வேலின், டிரிப்டோபான் முதலிய பெரிய அமினோ அமிலங்களைத் தூக்கிச் செல்லும் அதே கடத்திகள்தான் லெவோடோபாவையும் தூக்கிச் செல்ல வேண்டும். கூட்டம் அதிகமானால் லெவோடோபா வெளியே நிற்கும். 1984இல் அமெரிக்காவில் ஜான் நட் குழுவினர் இதை நேரடியாகக் காட்டினார்கள். லெவோடோபாவை நரம்பு வழியாகத் தொடர்ந்து செலுத்தி நோயாளிகளை நல்ல நிலையில் வைத்துவிட்டு, இந்தப் பெரிய அமினோ அமிலங்களைக் கொடுத்தபோது உடம்பு மறுபடி இறுகியது. கிளைசினும் லைசினும் கொடுத்தபோது அப்படி ஆகவில்லை, அவை வேறு கடத்தியில் போகிறவை. ஆகவே ‘அமினோ அமிலம்’ என்ற ஒரே பெயரை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. எந்த அமினோ அமிலம், எவ்வளவு, எந்த நேரத்தில் என்று பார்க்க வேண்டும்.

இதை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அவரே முடித்து வைத்தார். ‘கடைசித் தேதியில நம்ம பில் கவுண்டர் மாதிரின்னு சொல்லுங்க. ஒரே ஜன்னல், ஒரே ஆள். எழுபது பேர் வரிசையில நிக்கும்போது ஒருத்தர் அவசரம்னு சொன்னா யார் விடுவாங்க?’ எழுபது என்று அவர் சும்மா சொல்லவில்லை. டப்பாவைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தார். 7,000 மில்லிகிராம் ஒரு பக்கம், 100 மில்லிகிராம் மறு பக்கம். மாத்திரையை ஒன்றரையாக்கியபோதும் நாற்பது மடங்குக்கு மேல். அதனால்தான் மருந்தைக் கூட்டியும் காலை அசையவில்லை, கூட்டமில்லாத மாலை மட்டும் மிஞ்சியது.

இரவில் குடித்த இரண்டு வாரமும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதும் புரிந்தது. இரவு 7 மணி மாத்திரை தன் வேலையை முடித்த பிறகுதான் பவுடர் உள்ளே போனது, விடிவதற்குள் அடங்கிவிட்டது. இதுவே எல்லோரையும் ஏமாற்றியது. பவுடர் தொடங்கி இரண்டு வாரம் நன்றாக இருந்தவருக்குப் பிறகு உடம்பு கெட்டால் பவுடரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆனால் அமாவாசையை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. அன்று பவுடர் மட்டுமில்லை, பாலும் இட்லியும் சாம்பாரும் கூட இல்லை. அவற்றிலும் புரதம் உண்டு, புரதம் செரித்தால் அமினோ அமிலம்தான். பவுடர் வருவதற்கு முன்னால் அதே இட்லி சாம்பாரோடு காலை மாத்திரை ஒழுங்காகப் பிடித்தது என்பதுதான் சந்தேகத்தைப் பவுடர் பக்கம் சாய்த்தது.

எடுத்த முடிவுகள்

அங்கிருந்தே நரம்பியல் மருத்துவருக்குப் போன் செய்தேன். நோட்டுப் பக்கங்களையும் டப்பாவின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பினேன். அரை மணியில் அவரே திரும்ப அழைத்தார். ‘நான் கேட்டிருக்கணும்’ என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினார். அதற்காக அவர் மேல் எனக்குள்ள மரியாதை கூடியது.

அவர் சொன்னது மூன்று. பவுடரை அன்றே நிறுத்துவது. மறுநாள் முதல் மாத்திரையைப் பழையபடி ஒன்றாக்குவது, ஏனென்றால் தடை போனதும் காலையிலும் மருந்து மிஞ்சி உடம்பு நெளியும், மறுபடி விழ நேரலாம். காலை மாத்திரையைத் தண்ணீரில் போட்டு, முக்கால் மணி கழித்தே பால், டிபன்.

வீட்டில் முதலில் எழுந்த யோசனை இதற்கு நேர் எதிரானது, அதையும் எழுத வேண்டும். மாத்திரையால்தானே மாலையில் இப்படி நெளிகிறது, மாத்திரையை நிறுத்திவிட்டு இயற்கையான பவுடரை மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா என்று அந்த அம்மா கேட்டார். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடம்பு விறைப்பு, நினைவு தடுமாறுதல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பவுடரை எந்த நாளும் நிறுத்தலாம், மாத்திரையை நாமாக ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்று இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் பூனைக்காலி விதைப் பொடியைப் பற்றிச் சொல்லியிருந்தார். அதில் இருப்பதும் லெவோடோபாவே, அளவு மட்டும் தெரியாது. மாத்திரையோடு அதையும் சேர்த்தால் எவ்வளவு போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மகனிடம் நானே பேசினேன். ‘இயற்கையானதுதானே சார், என்ன ஆகிடும்னு நினைச்சேன்’ என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. ‘அப்போ அப்பா விழுந்தது என்னாலயா?’ அவர் அனுப்பியது அன்பினால், அந்த டப்பாவின் முன்பக்கத்தில் இருந்ததை நம்பியதால். லெவோடோபா எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம் என்று அதில் ஒரு வரி இருந்திருந்தால் அவர் படித்திருப்பார், அவ்வளவு படிப்பவர். அதைத்தான் அவரிடம் சொன்னேன், இப்போதும் அதையே நம்புகிறேன். சந்தேகம் தீர ஒரு நாள் மட்டும் பவுடரைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று பிறகு கேட்டார். மணிக்கட்டு வீக்கம் இன்னும் வற்றாத ஒருவரிடம் அந்தச் சோதனை வேண்டாம் என்று மருத்துவர் மறுத்துவிட்டார். அதனால் இதை நிரூபணம் என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரிந்த, காலம் பொருந்திய, நிறுத்தியதும் சரியான ஒரு நிகழ்வு. அவ்வளவு.

பிறகு நடந்தது

நிறுத்திய மூன்றாம் நாள் காலை 7.50க்கு ‘பிடித்தது’ என்று நோட்டில் எழுதியிருந்தார். ஒரு வாரத்தில் காலை வரிகளும் மதிய வரிகளும் ஒரே அளவுக்கு வந்தன. மாலை நெளிவு நின்றது. பத்தாம் நாள் சோதனையில் 15 விநாடி. பத்தரை மணிக்கு மேல் இறங்குவது முன்பு போலவே இருந்தது. நோய் எங்கும் போய்விடவில்லை, இருந்த இடத்துக்குத் திரும்பியிருக்கிறது.

அதன் பிறகு நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. புரதம் மாத்திரையைத் தடுக்கிறது என்று கேட்ட அம்மா, வீட்டில் பருப்பையே நிறுத்திவிட்டார். பால் இல்லை, முட்டை இல்லை, சாம்பாருக்குப் பதில் வெறும் ரசம். ஐந்து வாரத்தில் 58 கிலோவிலிருந்து 55.5 கிலோவுக்கு இறங்கினார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று அவரே சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. பார்க்கின்சன்காரர்களுக்கு எடை குறைவதும் தசை கரைவதும் தனி ஆபத்து. விளக்கும்போது நான் கவுண்டர் கூட்டத்தைப் பற்றி மட்டும் பேசினேன், சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அது என் தவறு.

உணவியலாளரிடம் அனுப்பினோம். ஒரு கிலோ எடைக்குச் சுமார் 0.8 கிராம் புரதம், அவருக்கு நாளுக்கு 46 கிராம் அளவில் வேண்டும் என்று கணக்கிட்டார். அதைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் நகர்த்தினார். காலையும் மதியமும் இட்லி, சோறு, காய், ரசம், கொஞ்சம் மோர். பருப்பு, முட்டை, சுண்டல், பால் எல்லாம் இரவு மாத்திரை பிடித்த பிறகு. நடக்க வேண்டிய நேரம் பகல் என்பதால் இந்த ஏற்பாடு. இரண்டு மாதத்தில் எடை 57 கிலோவுக்கு வந்தது. எல்லாப் பார்க்கின்சன்காரர்களுக்கும் இது தேவையில்லை. நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள் பலருக்குப் பருப்பு சாம்பாரால் ஒரு வித்தியாசமும் தெரியாது. மாத்திரை ஏறி இறங்குவது உடம்பில் தெரிய ஆரம்பித்தவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

இனி மாற்றிச் செய்வது

கேள்வியை மாற்றிவிட்டேன். ‘புதுசா ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?’ என்று இப்போது கேட்பதில்லை. ‘காலையில எழுந்ததிலேர்ந்து படுக்கிற வரைக்கும் வாயில போடுறது எல்லாத்தையும் சொல்லுங்க, மாத்திரையை எதுல முழுங்குறீங்க?’ என்று கேட்கிறேன். சத்துமாவு, பவுடர், லேகியம், கஷாயம், பிள்ளைகள் ஊரிலிருந்து அனுப்பியது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஞாபகம் வருகிறது. முதல் நாளே சமையலறை அலமாரியையும் அனுமதி கேட்டுப் பார்த்துவிடுகிறேன். இப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகு இன்னொரு வீட்டில் ரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையை லெவோடோபாவோடு சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. இரும்பும் லெவோடோபாவைப் பிடித்துக்கொண்டு குடலிலேயே நிறுத்திவிடும். மருத்துவரிடம் சொல்லி நேரம் பிரிக்கப்பட்டது.

நடை திடீரென்று மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு வார நோட்டு கேட்கிறேன். ஐந்தாம் வாரத்துக்கு முன்பே அதைச் செய்திருந்தால் அந்த மருந்தளவு கூடியிருக்காது. இன்னும் முன்னால், மூன்றாம் வாரத்திலேயே செய்திருந்தால் அவர் விழாமல் கூட இருந்திருக்கலாம். அந்த வாரத்திலும் ஒரு அமாவாசை வந்து போயிருக்கிறது. அப்போது எழுதிவைக்க நோட்டு இல்லை.

நரம்பியல் மருத்துவர் தன் சீட்டில் ‘சத்துப் பொருட்கள்’ என்று ஒரு வரி சேர்த்து, டப்பாவைக் கையோடு கொண்டுவரச் சொல்லி வரவேற்பறையில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

இப்போது அவர் மறுபடி தெருமுனை வரை போய் பேப்பர் வாங்குகிறார், மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். குளியலறை வாசற்படியை இடித்துச் சமமாக்கி, சுவரில் இரண்டு கைப்பிடி வைத்தாயிற்று. ஆனாலும் மருந்து நன்றாகப் பிடித்திருக்கும் நேரத்திலும் அந்த இடத்தில் அவர் கால் ஒரு நொடி நிற்கிறது. தரையில் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டி, ஒவ்வொரு கோட்டையும் தாண்டிக் கால் வைக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை ஐந்து முறையில் மூன்று முறை நிற்காமல் போனார்.